சொல்லச் சொல்லக் கரைந்த கதை: ஒரு திரைக்கதை முகாமின் நிகழ்வு ஆய்வு

கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்ட விடுதியில் ஏழு நாட்கள் நடந்த திரைக்கதை எழுத்து முகாமைப் பற்றிய பதிவு இது. எட்டுப் பேர் எழுத வந்திருந்தார்கள். திரைத்துறையில் நெடுங்காலம் வேலை பார்த்த நான்கு பேர் வழிகாட்டிகள். நான் ஒருங்கிணைப்பாளர். அந்த எட்டுப் பேரில் ஒருவருடைய கதைக்கு அங்கே என்ன நேர்ந்தது என்பதை, அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். யார் பெயரும் இல்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கதைக்கு நேர்ந்ததை மாற்றவில்லை.

பின்னணி

தமிழ்த் திரையுலகில் கதை பெரும்பாலும் முதலில் வாயில்தான் பிறக்கிறது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் சென்னை ஏவி.எம்.மும் 'கதை இலாகா' என்றே தனிப் பிரிவு வைத்திருந்தன. பின்னால் அந்த இலாகாக்கள் போய், ஹோட்டல் அறையில் நாலைந்து பேர் கூடி உட்காரும் 'கதை விவாதம்' வந்தது. இன்றும் படங்களின் பெயர்ப் பட்டியலில் அந்தத் தலைப்பைப் பார்க்கலாம். தயாரிப்பாளரோ நடிகரோ கதையைப் படிப்பது அபூர்வம். கேட்பார்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, பின்னணி இசை உட்பட வாயாலேயே படம் காட்டத் தெரிந்தவருக்கு வாய்ப்பு வருகிறது. காகிதம் கடைசியில் வருகிறது. சில படங்களில் அது படப்பிடிப்புத் தளத்தில்தான் முழுமையாகிறது.

இது குறை என்று நான் சொல்லவில்லை. இந்த வழியில் மிக நல்ல படங்கள் பிறந்திருக்கின்றன. ஆனால் இந்தப் பழக்கத்தில் ஊறிய நான்கு பேரை ஒரு மலைக்கு அழைத்துவந்து, எழுதத் தெரிந்த, பேசத் தெரியாத ஒருவர் எதிரே உட்காரவைத்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

எங்களுக்கு மாதிரியாக இருந்தவை வேறு. ராபர்ட் ரெட்ஃபோர்ட் 1981இல் அமெரிக்காவின் யூட்டா மலைப்பகுதியில் தொடங்கிய சன்டான்ஸ் நிறுவனத்தின் பயிலரங்குகளைப் பற்றிப் படித்திருந்தோம். இந்தியாவில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007 முதல் நடத்திவரும் திரைக்கதைப் பயிலரங்கைப் பற்றியும் தெரியும். மலை, தனிமை, அனுபவசாலிகள் என்ற வெளித்தோற்றத்தை அங்கிருந்து எடுத்துக்கொண்டோம். சன்டான்ஸில் ஆலோசகர் திரைக்கதையை முழுதாகப் படித்துவிட்டு எழுதியவரோடு தனியே உட்காருகிறார். அந்த அமைப்பின் உயிரே அதுதான். அதை விட்டுவிட்டோம்.

விண்ணப்பத்தில் நாங்கள் கேட்டது இரண்டு பக்கக் கதைச்சுருக்கமும், தொலைபேசியில் பதினைந்து நிமிடம் கதை சொல்வதும் மட்டுமே. முழுப் பிரதியை யாரிடமும் கேட்கவில்லை. வழிகாட்டிகளுக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் அனுப்பினால் படிக்க நேரமிருக்காது என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். அவர்களைக் கேட்கக்கூட இல்லை.

அவரும் அவருடைய கதையும்

தூத்துக்குடிப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை. முப்பதுகளின் நடுவில் இருந்தார். பாட்டி, தாய் இருவரும் உப்பளத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். காலாண்டுத் தேர்வு விடுமுறையில் முகாம் வந்ததால்தான் அவரால் வர முடிந்தது. இரண்டாம் நாளிலிருந்து எல்லோருக்கும் அவர் 'டீச்சர்' ஆகிவிட்டார். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடியினுடையது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும்வரை வேலை, மழை விழுந்தால் கூலி இல்லை. பாத்தியில் உறைந்த உப்பை வாரி, வரப்பில் குவித்து, சுமந்துபோய் அம்பாரத்தில் சேர்க்க வேண்டும். நாள் முழுக்க வெள்ளை உப்பின்மேல் வெயில் பட்டுத் திரும்பும் ஒளியில் நிற்பவர்களுக்குக் கண் என்ன ஆகும் என்பதை டீச்சர் தன் வீட்டிலேயே பார்த்தவர்.

அவருடைய கதை இது. உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு தாய்க்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால் கணக்கப்பிள்ளையிடம் மறைக்கிறாள். மழை தொடங்கும்வரை எப்படியாவது தாக்குப்பிடித்துவிட்டால் அந்த ஆண்டின் கடன் அடையும். பன்னிரண்டு வயது மகளுக்கு விஷயம் தெரியவருகிறது. அவள் தாயின் முன்னால் நடக்கத் தொடங்குகிறாள்.

தொலைபேசியில் இதை அவர் நாலே நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார். பிறகு பேச்சு வரவில்லை. தேர்வுக் குழுவில் இருவர் வேண்டாம் என்றார்கள். அவருடைய கதைச்சுருக்கத்தில் "அவள் இருட்டில் நடந்து பழகுகிறாள், வெளிச்சத்தில் விழாமல் இருப்பதற்காக" என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகவே நான் அவரைச் சேர்க்கச் சொன்னேன்.

முதல் நான்கு நாட்கள்

காலை பத்து மணிக்குக் கூடத்தில் எல்லோரும் உட்காருவோம். ஒருவர் அரை மணி நேரம் கதை சொல்வார். வழிகாட்டிகள் கருத்துச் சொல்வார்கள். மதியத்துக்கு மேல் எழுத்து. மாலையில் மாற்றியதை மீண்டும் சொல்ல வேண்டும். வெள்ளைப் பலகையில் ஒவ்வொருவர் கதைக்கும் சீன் ஆர்டரை, அதாவது காட்சிகளின் வரிசையை, எழுதி வைப்போம். அன்றன்று பலகையை அழிப்பதற்கு முன் நான் கைப்பேசியில் படம் எடுத்துவைப்பேன். ஒருங்கிணைப்பாளரின் சாதாரணப் பழக்கம். அதுவே பின்னால் இந்தப் பதிவுக்கு ஆதாரமாயிற்று.

முதல் நாள் டீச்சர் சொன்னபோது கூடம் அமைதியாக இருந்தது. ஈடுபாட்டில் வந்த அமைதி இல்லை அது. அவர் தரையைப் பார்த்தபடி, பாடக்குறிப்பு ஒப்பிப்பதுபோலச் சொன்னார். முடித்ததும் ஒன்பது படங்கள் இயக்கிய மூத்த இயக்குநர் அன்போடுதான் கேட்டார்: "அம்மா, இடைவேளையில் என்ன நடக்கிறது?" டீச்சரிடம் பதில் இல்லை. வசனகர்த்தா சொன்னார்: "அந்தத் தாய் ஒரு இடத்திலாவது வெடிக்க வேண்டும். கணக்கப்பிள்ளையை நிற்கவைத்துக் கேட்க வேண்டும்." இணையத் தொடர்களுக்குக் கதை தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்த மூன்றாமவர், மகளின் பார்வையில் கதையை நகர்த்தினால் இளைஞர்கள் பார்ப்பார்கள் என்றார். நான்காமவர் படத்தொகுப்பாளர். அன்று அவர் எதுவும் சொல்லவில்லை.

இவற்றில் ஒன்றுகூடத் தவறான கருத்து இல்லை. நூறு கதைகளில் எழுபதுக்குப் பொருந்தக்கூடியவை. டீச்சர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பள்ளிக்கூட ஆசிரியை அல்லவா, பெரியவர்கள் சொன்னால் எழுதிக்கொள்வதுதான் முறை என்று வளர்ந்தவர். எதையும் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டாம் நாள் தாய் இரண்டு பக்க வசனம் பேசினாள். கூடத்தில் கைதட்டல். மூன்றாம் நாள் மகள் பன்னிரண்டிலிருந்து பத்தொன்பது வயதுக்கு வளர்ந்து கல்லூரிக்குப் போனாள். அன்று மாலை யாரோ ஒருவர், பங்கேற்பாளர்களில் ஒருவர் என்று நினைவு, மகளுக்குப் பதில் மகனாக இருந்து வழக்கறிஞராக ஊர் திரும்பினால் என்ன என்று கேட்டார். மூத்த இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான்காம் நாள் கதை ஒரு வழக்கறிஞனின் கதை ஆகியிருந்தது. உப்பள முதலாளியை நீதிமன்றத்தில் நிறுத்துகிறான். இடைவேளையில் தாயின் கண் போன காரணம் தெரிகிறது. டீச்சர் அன்று முன்னைவிட நன்றாகவே சொன்னார். தலை நிமிர்ந்து, கையை அசைத்து, இடைவேளையில் ஒரு நொடி நிறுத்தி. எல்லோரும் பாராட்டினார்கள். நானும் பாராட்டினேன், அவருடைய கூச்சம் போய்விட்டது என்று மகிழ்ந்து.

அன்று இரவு ஒன்பது மணிக்கு மழையில் நனைந்தபடி என் அறைக் கதவைத் தட்டினார். மேட்டுப்பாளையத்துக்குக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றேன். இல்லை என்றார். சற்றுப் பொறுத்து, "என் கதை இப்போது என்னிடம் இல்லை சார்" என்றார்.

கவனித்தவை

எழுதியது எங்கே என்று கேட்டேன். பையிலிருந்து மூன்று நீளநோட்டுகளை எடுத்துக் கொடுத்தார். முழுத் திரைக்கதை. முகாமுக்கு வருவதற்கு முன்பே எழுதி முடித்தது, 118 பக்கம். நம் ஊர் வழக்கப்படி பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம். அதுவரை இப்படியொன்று இருப்பதே எங்களில் யாருக்கும் தெரியாது. நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இரவு இரண்டு மணி வரை படித்தேன்.

முதல் காட்சி ஒன்றரைப் பக்கம். விடியலுக்கு முந்தைய இருட்டு. தாய் உப்பள வரப்பில் தனியாக நடக்கிறாள். கண்களை இறுக மூடியிருக்கிறாள். உதடு மட்டும் அசைகிறது. 214 அடி எடுத்துவைத்ததும் நின்று, இடப்பக்கம் திரும்பி, காலால் தடவி ஒரு கல்லைக் கண்டுபிடிக்கிறாள். கண்ணைத் திறந்து பார்க்கிறாள். கல் அங்கேதான் இருக்கிறது. திரும்ப நடந்து வந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறாள். வலப்பக்கத்துப் பத்தி, வசனத்துக்கானது, முழுக்க வெறுமை. முதல் நாள் கூடத்தில் இந்தக் காட்சியை டீச்சர் எப்படிச் சொன்னார் என்று என் குறிப்பைப் பார்த்தேன். "விடியற்காலை அம்மா வேலைக்குப் போகிறாள். அடுத்து…"

அவருடைய எழுத்தில் வலுவாக இருந்தவை எல்லாமே இப்படிப்பட்டவை. வாயால் சொல்லத் தொடங்கினால் ஒரே வாக்கியத்தில் தீர்ந்துபோகிறவை. கேட்பவர் 'அப்புறம்?' என்று காத்திருப்பார். அந்தக் காத்திருப்பின் அழுத்தத்தில் சொல்பவர் சம்பவத்தைத் தேடி ஓடுவார். சம்பவம் இருக்கும் கதை சொல்லச் சொல்ல வளரும். பார்வையில் மட்டும் வாழும் கதை சொல்லச் சொல்லக் கரையும். நான்கு நாட்களும் நாங்கள் பேசிக்கொண்டிருந்தது அவர் எழுதிய கதையைப் பற்றியே இல்லை.

கைப்பேசியில் இருந்த பலகைப் படங்களோடு ஒப்பிட்டேன். நோட்டில் 84 காட்சிகள், அவற்றில் 71இல் தாய் இருக்கிறாள். நான்காம் நாள் பலகையில் 80 காட்சிகள், தாய் இருப்பது 23இல். யாரும் அவளை நீக்கச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஒரு சின்ன மாற்றம்தான் சொன்னார்கள்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நோட்டில் இருந்ததும் முழுமையான திரைக்கதை அல்ல. நடுப்பகுதி தொய்ந்திருந்தது. பத்துப் பதினைந்து பக்கங்கள் ஏன் இருக்கின்றன என்றே எனக்குத் தெரியவில்லை. ஏதோ சரியில்லை என்று வழிகாட்டிகள் உணர்ந்தது மெய்தான்.

ஐந்தாம் நாள்: எடுத்த முடிவு

காலை ஏழு மணிக்கு வழிகாட்டிகளை அழைத்து மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொண்டேன். டீச்சர் இனிக் கூடத்தில் கதை சொல்ல வேண்டாம். நீங்கள் நோட்டை முழுதாகப் படியுங்கள், ஆளுக்கொரு அறையில், தனியாக. படித்தபின் அவரிடம் கேள்விகள் மட்டும் கேளுங்கள், 'இப்படி வைத்துக்கொள்ளலாமே' என்று ஒருமுறைகூடச் சொல்ல வேண்டாம்.

காரணம் எளிது. யோசனை சொன்னால் அவர் ஏற்றுக்கொள்வார் என்பதை நான்கு நாள் பார்த்துவிட்டோம். மறுக்கும் துணிவை இரண்டு நாளில் அவருக்குக் கற்றுக்கொடுக்க முடியாது. ஆகவே யோசனை சொல்பவர்களைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அவர் தன் உப்பளத்துக்குள்தான் போயாக வேண்டும், எங்கள் படங்களுக்குள் அல்ல.

மூத்த இயக்குநர் ஒப்பவில்லை. அவர் சொன்னதை அப்படியே குறித்துவைத்திருக்கிறேன்: "நாளைக்கு இவர் தயாரிப்பாளர் முன்னால் உட்கார்ந்து கதை சொல்லித்தான் ஆக வேண்டும். அங்கே யாரும் நோட்டைப் படிக்கப்போவதில்லை. இங்கே நீங்கள் காப்பாற்றிவிட்டால் அங்கே யார் காப்பாற்றுவது?" எனக்கு அதற்கு நல்ல பதில் இல்லை. இரண்டு நாள் மட்டும் விட்டுக்கொடுங்கள் என்று கேட்டேன். அரை மனத்தோடு ஒத்துக்கொண்டார். இணையத் தொடர்காரர் அன்று மதியமே சென்னை திரும்ப வேண்டியிருந்ததால் இதற்குப் பிறகு அவர் இந்தப் பதிவில் இல்லை.

கோத்தகிரி கடைவீதியில் ஒரு ஜெராக்ஸ் கடை திறக்கும்வரை காத்திருந்து மூன்று பிரதி எடுத்து வந்தேன். அந்த நோட்டுகளுக்கு அதுவரை வேறு பிரதியே கிடையாது என்பது நினைத்தால் இன்றும் பதற்றமாக இருக்கிறது.

படித்தபின் நடந்தது

மாலை நான்கு மணிக்குப் படத்தொகுப்பாளர் பிரதியை மடித்து வைத்துக்கொண்டு டீச்சரின் எதிரே உட்கார்ந்தார். "இந்த முதல் காட்சியை யாருமே என்னிடம் சொல்லவில்லையே" என்றார். பிறகு கேட்டார்: "இவளுக்குக் கண் தெரியவில்லை என்பது படம் பார்ப்பவருக்கு எப்போது தெரிகிறது?"

62ஆம் பக்கத்தில் என்றார் டீச்சர். மகள் கண்டுபிடிக்கும் காட்சி. அதைத் திருப்பமாக வைத்திருந்தார்.

"அதுவரை அவள் வரப்பில் எத்தனை முறை நடக்கிறாள்?"

எண்ணிப் பார்த்தார். பதினொரு முறை.

"அந்தப் பதினொரு முறையும் நான் யாருக்காகப் பயப்படுகிறேன்?"

டீச்சர் வெகுநேரம் பேசவில்லை. படத்தொகுப்பாளரும் பேசவில்லை. அவர் பழகிய தொழில் அது, ஒரு காட்சியை எவ்வளவு நேரம் அப்படியே விட்டுவைக்கலாம் என்பது. பிறகு ஒரு தாளில் நான்கு கிடைக்கோடு போட்டார். பார்வையாளர், மகள், தாய், கணக்கப்பிள்ளை என்று ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் எழுதினார். யாருக்கு எது எந்தப் பக்கத்தில் தெரியவருகிறது என்று கோட்டின்மேல் புள்ளி வைக்கச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

புள்ளி வைத்தபோது நடுப்பகுதியின் தொய்வுக்குக் காரணம் டீச்சருக்கே தெரிந்தது. நான்கு கோட்டிலும் புள்ளிகள் 62ஆம் பக்கத்துக்குப் பக்கத்திலேயே குவிந்திருந்தன. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடுகிறது. அதற்கு முன் யாருக்கும் எதுவும் தெரியாது, பின் மறைக்க எதுவும் இல்லை. இரவு முழுக்க அவர் புள்ளிகளைப் பிரித்தார். பார்வையாளருக்கு 19ஆம் பக்கம். மகளுக்கு 31. மகளுக்குத் தெரியும் என்பது தாய்க்குத் தெரிவது 70க்கும் மேல். இடைப்பட்ட நாற்பது பக்கமும், ஒன்றும் தெரியாதவள்போல மகள் முன்னால் நடக்கிறாள், பார்வை இருப்பவள்போலத் தாய் பின்னால் வருகிறாள். ஒரு காட்சிகூடப் புதிதாக எழுதவில்லை. வரிசைதான் மாறியது. அந்தப் பதினொரு நடையும் அதுவரை வெறும் நடை. இப்போது ஒவ்வொன்றிலும் படிப்பவனுக்கு வயிற்றைப் பிசைந்தது.

முகாமில் நான் கண்ட மிகச் சிறந்த பாடம் இது. ஒரு தாள், நான்கு கோடு, மூன்று கேள்வி.

ஆறாம் நாள் வசனகர்த்தா வந்தார். தாய்க்கு இரண்டு பக்க வசனம் வேண்டும் என்றவர். இப்போது கேட்டதெல்லாம் கூலியைப் பற்றி. எந்தக் கிழமை கொடுப்பார்கள்? யார் கையில் கொடுப்பார்கள்? வாங்கியதற்குக் கையெழுத்தா, கைரேகையா? டீச்சர் சொல்லிக்கொண்டே வந்தவர் கையெழுத்து என்ற இடத்தில் நின்றார். அவருடைய தாய் அறிவொளி இயக்கத்தில் கையெழுத்துப் போடக் கற்றவர். கூலிப் பதிவேட்டில் மற்றவர்கள் ரேகை வைக்கும்போது தான் மட்டும் பெயர் எழுதுவதில் அவருக்கு இருந்த பெருமையைச் சொன்னார். சொல்லிவிட்டு அப்படியே அறைக்குப் போய் எழுதிய காட்சி இது: தாய் பதிவேட்டின் முன் நிற்கிறாள். கோடு தெரியவில்லை. பேனாவை நீட்டுகிறான் கணக்கப்பிள்ளை. உப்பு விரலை அரித்துவிட்டது என்று சொல்லி, கட்டைவிரலை மையில் ஒற்றி ரேகை வைக்கிறாள்.

வெடிக்க வேண்டும் என்று அவர் முதல் நாள் கேட்ட இடம் இதுதான் என்று வசனகர்த்தாவே சொன்னார். அந்தக் காட்சியில் தாய் பேசுவது ஒரு வரி.

மூத்த இயக்குநர் பிரதியைக் கடைசியாகப் படித்தார். ஆறாம் நாள் இரவு சாப்பாட்டுக்குப் பின், எல்லோர் முன்னாலும், தன் பழைய கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்: "இடைவேளையில் வெளியே போய் டீ குடிக்கிறவன் எதை நினைத்துக்கொண்டு குடிப்பான்?" டீச்சர் யோசிக்காமல் சொன்னார், "அந்தக் கட்டைவிரலை சார்." இடைவேளை அங்கே நின்றது. இடைவேளை வேண்டும் என்று அவர் முதல் நாளே சொன்னது சரிதான். அது எங்கே இருக்கிறது என்பது படித்தால்தான் தெரிந்தது.

முகாமுக்குப் பின்

வீடு திரும்பியபின் எட்டு மாதம் ஆயிற்று. பள்ளி, வீடு, விடைத்தாள் திருத்தம் எல்லாவற்றுக்கும் இடையில் எழுதி முடித்தார். நோட்டில் 118 பக்கமாக இருந்தது 104 பக்கமாகச் சுருங்கியது. திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினராகிக் கதையைப் பதிவு செய்தார்.

அதன்பிறகு மூத்த இயக்குநர் எச்சரித்தபடியேதான் நடந்தது. பிரதியை அனுப்பிய இடங்களில் எல்லாம் "நேரில் வந்து சொல்லுங்கள்" என்ற பதில். முதல் முறை சென்னை போய்ச் சொன்னபோது இருபது நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். டீச்சர் அன்று அழைத்தது என்னை அல்ல, அந்த இயக்குநரை. அவர் ஒரு மாதம், வாரம் இரண்டு முறை, தொலைபேசியில் பயிற்சி கொடுத்தார். அவர் கண்ட வழி எனக்குத் தோன்றியிருக்காது. முதல் நான்கு பக்கத்தைச் சொல்ல வேண்டாம், வகுப்பில் பாடம் வாசிப்பதுபோல அப்படியே வாசியுங்கள் என்றார். டீச்சர் பல ஆண்டாகத் தினமும் செய்துவரும் வேலை அது. வாசிக்கும்போது அவர் குரல் நடுங்குவதில்லை. 214 வரை எண்ணும் அந்தக் காட்சி முதல் தடவையாக ஒரு அறையில் காதால் கேட்டும் நின்றது.

மூன்றாவதாகக் கேட்ட ஒரு சிறிய தயாரிப்பு நிறுவனம் முன்பணம் கொடுத்து ஓராண்டுக்கு உரிமை எழுதி வாங்கியது. படம் தொடங்கவில்லை. பணம் திரளவில்லை என்றார்கள். ஓராண்டு முடிந்து உரிமை டீச்சரிடமே திரும்பிவிட்டது. இப்போது இன்னொரு இயக்குநர் படித்துக்கொண்டிருக்கிறார். படித்துக்கொண்டிருக்கிறார் என்பதை அழுத்தியே எழுதுகிறேன்.

இன்னொரு பங்கேற்பாளர்

இதோடு சேர்த்துச் சொல்லாவிட்டால் பதிவு ஒருபக்கமாகிவிடும். அதே முகாமில் ஆறு ஆண்டு உதவி இயக்குநராக இருந்த ஓர் இளைஞர் வந்திருந்தார். கதை சொல்வதில் அவரைப்போல ஒருவரை நான் பார்த்ததில்லை. ஏழு நாளும் கூடத்தைச் சிரிக்கவும் கலங்கவும் வைத்தார். ஒவ்வொரு கருத்துக்கும் உடனே ஒரு புதிய காட்சி வாயில் வரும். முகாம் முடியும்போது காகிதத்தில் இருந்தது 11 பக்கம்.

நாங்கள் அவரைப் பற்றிக் கவலைப்படவே இல்லை, அவருக்கு எங்கள் உதவி தேவையில்லை என்று நினைத்தோம். ஓராண்டு கழித்து ஒரு நடிகரிடம் கதை சொல்லி முன்பணமும் வாங்கினார். முழுப் பிரதி கேட்டபோது எழுத முடியவில்லை. சொன்னபோது இருந்த சூடு தாளில் வரவில்லை என்று சொல்லி மூன்று முறை கிழித்துப் போட்டார். வேறு ஒரு எழுத்தாளரை வைத்து எழுதி முடித்தார்கள். டீச்சருக்குப் பேச்சு தடையாக இருந்ததைக் கண்ட நாங்கள், இவருக்குப் பேச்சே எழுத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டதைக் காணவில்லை. கைதட்டிக்கொண்டிருந்தோம்.

அடுத்த முறை மாற்றுவது

எழுதிய பிரதி இல்லாமல் யாரையும் சேர்ப்பதில்லை. அறுபது பக்கமாவது எழுதியிருக்க வேண்டும், கையெழுத்தாக இருந்தாலும் சரி. வழிகாட்டிகளுக்கு மூன்று வாரம் முன்பே அனுப்புவோம், படிக்கும் நேரத்துக்கும் சேர்த்தே ஊதியம் கொடுப்போம். நேரமிருக்காது என்று நான் நினைத்தது தவறு. அடுத்த முகாமுக்கு இதைக் கேட்டபோது ஒருவர்தான் மறுத்தார்.

முதல் இரண்டு நாள் கூடத்தில் கதை சொல்வது கிடையாது. தனித்தனிச் சந்திப்பு மட்டும், ஒரு மணி நேரம், கேள்விகள் மட்டும். யோசனை சொல்லவே கூடாது என்ற விதியை ஏழு நாளும் வைத்திருக்க மாட்டேன். அது டீச்சருக்காக அவசரத்தில் போட்டது. நாலாம் நாளுக்குப்பின், தன் கதை எது என்று ஒருவருக்கு உறுதிப்பட்ட பிறகு, மூத்த இயக்குநர் போன்றவர்கள் தரும் யோசனைக்கு ஈடில்லை.

முகாம் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் பிரதியைப் பதிவு செய்துவிட வேண்டும். கருவுக்குக் காப்புரிமை இல்லை, அது எழுத்தில் வெளிப்பட்ட விதத்துக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. பன்னிரண்டு பேர் கூடியிருக்கும் கூடத்தில் வாயால் சொன்னது வெறும் கரு. நல்லவேளையாக எங்கள் முகாமில் எந்தத் தகராறும் வரவில்லை. வந்திருந்தால் டீச்சரின் கையில் மூன்று நோட்டைத் தவிர எதுவும் இருந்திருக்காது.

எழுதி வருகிறவர் ஒவ்வொருவரும் முதல் நாளே ஒரு காட்சியைக் குறித்து உறையில் போட்டு என்னிடம் தர வேண்டும், எது போனாலும் இது போகக்கூடாது என்கிற காட்சி. நான்காம் நாள் மாலை உறையைத் திருப்பிக் கொடுப்பேன். பலகையில் அந்தக் காட்சி இல்லையென்றால் அன்றிரவு அவரோடு உட்காருவேன், பஸ் நேரம் கேட்டு அவர் வரும்வரை காத்திருக்காமல்.

கதை சொல்லும் பயிற்சியைக் கடைசி இரண்டு நாளுக்கு வைத்திருக்கிறோம். அதை நடத்த மூத்த இயக்குநரே வருகிறார். அந்த இளைஞரைப்போன்ற ஒருவர் அடுத்த முறை வந்தால் அவருக்கு என்ன செய்வது என்பதற்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. முதல் இரண்டு நாள் பேசாமல் எழுது என்று சொல்லலாம். அவர் எழுதுவாரா, அல்லது இரவில் விடுதிச் சமையல்காரரிடம் போய்க் கதை சொல்லிக்கொண்டிருப்பாரா என்று படத்தொகுப்பாளரைக் கேட்டேன். சமையல்காரரிடம் அவர் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, மறுநாள் அவரிடமே கொடுத்து எழுதச் சொல்லுங்கள் என்றார். முயன்று பார்க்கப்போகிறோம்.